அரசருக்கு முன்னால் கிளம்பிய புத்தகங்கள்

சிமாசிகுவிடம் மாடு கேட்டால் கொடுப்பார். "ஓட்டிக்கிட்டுப் போ, பாலைக் குடிச்சுக்கோ, கன்னு போட்டா சொல்லி அனுப்பு" என்பார். தோணி கேட்டால் துடுப்பையும் சேர்த்துக் கொடுப்பார். புத்தகம் கேட்டால் மட்டும் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். "மேகம் கட்டுதே" என்று வானத்தைப் பார்ப்பார். கேட்டவர் விடாமல் மறுபடி கேட்டால், மாடு அவிழ்த்துக்கொண்டது என்று எழுந்து போய்விடுவார். மாடு கட்டின இடத்தில்தான் நின்றுகொண்டிருக்கும்.

சாம்பேசி ஆற்றுச் சமவெளியில் கஞ்சன் என்று பெயர் வாங்குவதைவிடத் திருடன் என்று பெயர் வாங்குவது மேல். புத்தக விஷயத்தில் சிமாசிகு கஞ்சன் என்ற பெயரையே வாங்கியிருந்தார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை.

அவ்வளவும் பஸ்ஸில் கிடைத்த புத்தகங்கள். மோங்குவுக்கும் தலைநகர் லுசாகாவுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் அவர் இளம் வயது முழுவதும் கண்டக்டராக இருந்தவர். பயணிகள் எதையெதையோ மறந்துவிட்டு இறங்குவார்கள். குடை, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை கால் கட்டிய உயிர் வாத்து. எதுவாக இருந்தாலும் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிக் கொடுத்துவிடுவார். இருக்கையில் புத்தகம் கிடந்தால் மட்டும் அவர் கால் எழும்பாது. "வேணும்னா அவங்களே வந்து கேப்பாங்க" என்று பைக்குள் போட்டுக்கொள்வார். ஒருவரும் வந்து கேட்டதில்லை. இப்படிச் சேர்ந்ததுதான் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகம்.

காஃபுவே காட்டுக்குள் பஸ் நின்றுவிட்டால் பயணிகள் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். டிரைவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். கண்டக்டர் டயரில் சாய்ந்து படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு அந்த நேரம்தான் சொர்க்கம். எந்தப் புத்தகத்தை எங்கே படித்தோம் என்பது ஒருநாளும் அவருக்கு மறந்ததில்லை, தலைப்புதான் மறந்துபோகும். "கவோமாவுல ரேடியேட்டர் வெடிச்ச புத்தகம்", "பாலத்துக்கிட்ட யானை மறிச்ச புத்தகம்" என்றுதான் மனதில் அடுக்கி வைத்திருந்தார். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டு உட்காருகிறவன் பாதி வழிக்குள் வாயைப் பிளந்து தூங்கிவிடுவான். முதல் பக்கத்தை ஆஹா ஓஹோ என்று படிக்கிறவனும் அப்படித்தான் என்பது அவர் கண்ட உண்மை.

ஒருமுறை யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதிய பயணப் புத்தகத்தில் அவருடைய சொந்தச் சமவெளியே வந்துவிட்டது. ஆவலாகப் படித்தார். வந்தவர் நல்ல கோடையில் வந்திருக்கிறார். காய்ந்த புல், ஒன்றுமில்லாத வெளி, எதற்கென்றே தெரியாமல் மேடுகளின் மேல் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஜனங்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு மறுநாள் வந்து காலிப் பந்தலைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் சோறே போடவில்லை என்று எழுதின மாதிரி. சிமாசிகுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பயணப் புத்தகம் எதையும் பாதிதான் நம்புவது என்று வைத்துக்கொண்டார்.

அப்பா இறந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சமவெளியில் இருந்த சொந்த மேட்டுக்கே திரும்பினார். மாடு, மீன், கொஞ்சம் சோளம், நாலிஷெபோ என்ற மனைவி. குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வெள்ளம் வரும், சமவெளியே கடலாகும், எல்லோரும் தோணியேறிக் கரைமேட்டு ஊர்களுக்குப் போய், தண்ணீர் வடிந்ததும் திரும்பி வருவார்கள். அந்தப் பயணத்தில்தான் நாலிஷெபோவின் வாய் நீளும்.

"எனக்கு ஒரு சக்களத்தி இருந்திருந்தாக்கூட அவளே நடந்து வந்து தோணியில ஏறியிருப்பா. உங்க பொட்டிய ரெண்டு பேர் தூக்க வேண்டியிருக்கு."

"அவ வாய் பேசுவா. இது பேசாது."

"அதான் இத்தனை வருஷம் ஆகியும் இது ஒரு வேலையும் கத்துக்கல."

இத்தனைக்கும் பெட்டி நனையாமல் அதன்மேல் பாயைப் போர்த்துகிறவள் அவள்தான்.

அந்த வருஷம் வெள்ளம் முந்திக்கொண்டது. ஆனால் அரசர் கிளம்பவில்லை. அரசர் தம்முடைய பெரிய படகில் ஏறி முதலில் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஜனங்கள். அந்த மேட்டில் இது மாறாத வழக்கம். புல் தின்னப் போகும் மாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரண்மனைப் பக்கம் தண்ணீர் இன்னும் படகு ஓடும் அளவுக்கு ஏறவில்லை, நாள் தள்ளிப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். இவர்கள் மேடோ தாழ்வான மேடு. தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது.

மேட்டிலேயே உயரமான இடம் சிமாசிகுவின் வாசல். எனவே ஊரே கோழியும் சட்டியுமாக அங்கே வந்து உட்கார்ந்தது. செய்ய வேலை எதுவும் இல்லை. சிமாசிகு ஓர் ஓரமாகத் திரும்பிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகச் சிரித்தால் யார் பொறுத்துக்கொள்வார்கள்? மனைவியின் தம்பி லிகாண்டோ முதலில் ஆரம்பித்தான்.

"மச்சான், சாப்பாட்டைத்தான் பங்கு போட்டுத் திங்கணும்னு இல்ல. சிரிப்பையும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க."

வேறு வழியில்லாமல் உரக்கப் படித்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தங்கள் லோசி மொழியில் மாற்றி மாற்றிச் சொன்னார். அது அவருக்கு உயிரான புத்தகம். மேலட்டை கிழிந்துபோய்ப் பெயர்கூடத் தெரியாது. பனி மூடிய தேசத்தில் நாய்கள் இழுக்கும் வண்டியில் ஊர் ஊராகக் கடிதம் கொண்டுபோகும் ஒரு தபால்காரனின் கதை.

"பனின்னா என்ன மச்சான்?"

"ஆலங்கட்டி மழை பாத்திருக்க இல்ல? அது தரை முழுக்க விழுந்து மாசக்கணக்காக் கரையாமக் கெடக்குதுன்னு வெச்சுக்கோ."

"அப்ப மாடு என்னத்தைத் திங்கும்?"

"அங்க மாடே இல்ல."

"மாடு இல்லாத ஊரா? அப்ப மாமனாருக்கு என்னத்தைக் குடுத்துப் பொண்ணு கட்டினான்?"

ஊர்த் தலைவர் முபித்தாவுக்கு வேறு சந்தேகம். "நாய் வண்டி இழுக்குதாமா? நம்ம வீட்டு நாய் எந்திரிச்சு நிழல் மாறிப் படுக்கவே ஆள் வெச்சுச் சொல்லணும்."

வரிக்கு ஒரு கேள்வி. மரத்துக்கு மரம் நிற்கும் பஸ்ஸில் மாட்டிக்கொண்ட மாதிரி சிமாசிகுவுக்கு எரிச்சலாக வந்தது. கேள்வியே கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள் முவாங்காலா ஒருத்திதான். கணவனை இழந்தவள், வயதில் மூத்தவள், எழுத்துத் தெரியாதவள், கூடை பின்னுகிற கை நிற்காமலே கேட்டாள். நாய்களில் பாதி செத்துப்போய், தபால்காரன் வழி தவறி, ஒரு மரத்தடியில் உட்காரும் இடம் வரைக்கும் கதை போயிற்று. இருட்டிவிட்டது. மீதி நாளைக்கு என்று மூடி வைத்தார்.

விடிவதற்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டிலின் கால் நனைந்ததைப் பார்த்ததும் சிமாசிகு பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். நெல்லும் சோளமும் நனைந்தால் அடுத்த வருஷம் விளையும். இந்தப் பெட்டி நனைந்தால் எந்த பஸ்ஸில் போய்த் தேடுவது? அவர் யோசித்தார். யோசிக்கப் படித்தவர் அல்லவா, வழக்கத்தில் இருந்த ஓட்டை சட்டென்று பிடிபட்டது. சந்தடியில்லாமல் பெட்டியைத் தோணிக்கு இழுத்தார்.

நாலிஷெபோ விழித்துக்கொண்டாள். "என்ன காரியம் பண்றீங்க? அரசர் இன்னும் கிளம்பல!"

"நானா குடிபோறேன்? பொட்டியக் கரையில வெச்சிட்டு வந்துருவேன். மாடு போகலாம்னா பொட்டி போகக் கூடாதா?"

தோணியைத் தள்ளிக்கொண்டு நாணலைத் தாண்டினால், முழங்கால் தண்ணீரில் மீன்கூடையைத் தூக்கிப் பார்த்தபடி முபித்தா நிற்கிறார். கெட்ட நேரம் துடுப்புப் போட்டுக்கொண்டா வரும்? தலைவர் தோணியின் மூக்கைப் பிடித்துத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் மேடு முழுவதும் கூடிவிட்டது.

"மாடு புல்லுக்குப் போகுது. உன் பொட்டி எதைத் திங்கப் போகுது?" என்றார் முபித்தா.

"ஐயா, மனுஷங்கதான் அரசருக்கு முன்னாடி போகக் கூடாது. இது வெறும் காகிதம்."

"வெறும் காகிதமா? நேத்து சாயங்காலம் பூரா இதுக்குள்ள ஒருத்தன் இருக்கான், நாயோட கஷ்டப்படறான்னு சொல்லி எங்களை உக்கார வெச்சியே. அவன் மனுஷன் இல்லையா?"

சிமாசிகு வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"இன்னும் எத்தனை பேர் உள்ள இருக்காங்களோ! ஒரு கிராமத்தையே பொட்டியில போட்டு அரசருக்கு முன்னாடி ஓட்டிக்கிட்டுப் போறான்யா இவன்!"

சிரித்த சிரிப்பில் கோழிகள் பறந்தன. ஆனால் தலைவர் சிரிக்கவில்லை. வழக்கத்தை மீறினால் அபராதம் உண்டு. அவர் தாடையைச் சொறிந்து தீர்ப்புச் சொன்னார்.

"உள்ள இருக்கிறவங்க மேல குத்தம் இல்ல. அவங்க நம்ம விருந்தாளிங்க. பொட்டியில அடைச்சு ஒரே தோணியில ஏத்தினா முழுகினாலும் மொத்தமா முழுகும். ஊர்க்காரங்க எப்படிப் போறாங்களோ அப்படியே அவங்களும் போகட்டும். மத்தவங்க தோணியில ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடு. அரசர் போனப்பறம், எங்ககூட வருவாங்க."

பெட்டி திறந்தது. சிமாசிகுவுக்கு அது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வேதனை. அதுவும் ஒரே நாளில் எல்லாப் பெண்களையும், மாடு ஒன்றுகூட வாங்காமல். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டதே என்று நொந்துகொண்டார். லிகாண்டோ மெலிசான ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் செருகினான். தலைவர் தம் தகுதிக்கு ஏற்ற குண்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். அட்டை இல்லாத அந்தத் தபால்காரன் கதையை முவாங்காலா தன் புதுக் கூடைக்குள் வைத்துத் துணி போட்டு மூடினாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் தோணிகளை வாசலில் சேர்த்துக் கட்டிக்கொண்டு மீதிக் கதைக்கு உட்கார்ந்தார்கள்.

"கதையா? கதை தண்ணியில போச்சு" என்று சிமாசிகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஊருக்கு அவர் போட்ட அபராதம் அது.

"தம்பி, அவனை அப்படியே மரத்தடியில விட்டுட்டியே" என்றாள் முவாங்காலா. அவர் திரும்பவில்லை.

கடைசியில் ஒருநாள், அரசர் கிளம்புவதை அறிவிக்கும் முரசுச் சத்தம் தண்ணீரின் மேல் மிதந்து வந்தது. மறுநாள் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பெரும்படகு கரைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ரேடியோ சொன்னதும், மேடு காலியாயிற்று. கரைக்கு வந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தன் தன் கரைமேட்டு ஊருக்குப் பிரிந்து போயிற்று. புத்தகங்களும் கூடவே போயின. வெள்ளக் காலத்துக்கு அவர் கையில் மிஞ்சியது காலிப் பெட்டி. படிக்க எதுவும் இல்லாமல் அவர் மாவுப் பையில் அச்சடித்திருந்ததைப் படித்தார். மூன்று தரம் படித்தார்.

"போய் வாங்கிட்டு வாங்களேன். நீங்க படுற பாட்டைப் பாக்க முடியல" என்றாள் நாலிஷெபோ.

முதலில் லிகாண்டோ வீடு. புத்தகத்தைக் கொடுத்தான். கையில் வாங்கினால் எடை குறைகிறது. முன்பக்கங்களைக் காணோம்.

"எங்கடா?"

"புகையிலை சுத்தக் காகிதம் கெடைக்கல மச்சான்."

சிமாசிகு துடுப்பைத் தூக்கிவிட்டார். லிகாண்டோ கொஞ்சமும் அசையவில்லை.

"கோவப்படாதீங்க. முன்பக்கம் எல்லாம் நீங்க படிச்சு முடிச்சதுதானே? புதுசா இருக்கிற பக்கம் ஒண்ணைக்கூட நான் தொடல."

"எல்லாத்தையும்தான்டா நான் படிச்சிருக்கேன்!"

"அப்படியா? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நாலு சுத்தியிருப்பேனே."

அடிக்கப் போனவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு திட்டினார். திட்டி முடித்து மீன் சாப்பிட்டார். சாப்பிட்டதும், மிஞ்சிய பக்கங்களையாவது படித்துக் காட்டிவிட்டுப் போகும்படி லிகாண்டோவின் மனைவி பாயை விரித்தாள். படித்தார். எத்தனையோ தரம் படித்த இடம்தான். அதில் ஒரு மாமியார் பேசுகிற பேச்சுக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது சிரிப்பு வரும் இடம் என்று அதுவரை அவருக்குத் தெரியவே தெரியாது. பாதியில் நிறுத்தி எழுந்தபோது, மீதியை அடுத்த வாரம் வந்து படித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகட்டும் என்று புத்தகத்தை அவள் உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

தலைவர் வீட்டுக் குண்டுப் புத்தகம் படகு எஞ்சின் பழுது பார்க்கும் புத்தகம். அதையும் அவருக்குப் படித்துக் காட்டினார். முபித்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இதுல மனுஷங்களே இல்லையேப்பா. இதை மட்டும் நீ முன்னாடியே கொண்டுபோயிருக்கலாம்."

ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. படம் நன்றாக இருக்கிறதாம்.

இப்படியே ஒவ்வொரு வீடும். போகும் இடமெல்லாம் களி, புளித்த பால், வறுத்த மீன், விரித்த பாய், "கொஞ்சம் படிச்சுட்டுப் போயேன்". காலிப் பையோடு போவார். காலிப் பையோடு வருவார்.

"புத்தகம் எங்க?" என்பாள் நாலிஷெபோ.

"அடுத்த வாரம் தர்றேன்னாங்க."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"சாப்பிட்டேன்."

அவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். எப்படியும் ஒன்றை மட்டும் விடுவதில்லை என்று முடிவு செய்தார். அந்தத் தபால்காரன் தன் கையில் இருந்தாக வேண்டும். அது அக்கரையில், கலாபோ பக்கத்தில், முவாங்காலாவிடம் இருந்தது. வெள்ளம் நிறைந்த சமவெளியைக் குறுக்காகக் கடக்க வேண்டும். நாலிஷெபோ வேகவைத்த சோளம் கட்டிக் கொடுத்தாள். விடிந்ததும் தள்ளினார்.

தனியாகத் துடுப்புப் போடுகிறவனுக்கு நினைக்க நிறைய நேரம் உண்டு. வாழ்நாள் பூராவும் மற்றவர்களை ஏற்றி இறக்கியே பயணம் செய்தாயிற்று. ஒரு புத்தகத்தைப் பார்க்க என்று கிளம்புவது இதுதான் முதல் தடவை. அல்லிப் பூக்களுக்கு நடுவே தோணி போனது. கீழே தெளிந்த தண்ணீருக்குள் கோடையில் மாடு மேய்த்த ஒற்றையடிப் பாதை தெரிந்தது. இதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை. சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுப் பாடினார், கேட்க ஆளில்லாததால் நன்றாகவே பாடினார்.

பொழுது சாயும் நேரத்தில் கரையேறினார். முவாங்காலா வீட்டு நாணல் வேலிக்கு உள்ளே ஆட்கள் கூடியிருந்தார்கள். அவள் குரல் கேட்டது. துடுப்பை ஊன்றிக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார்.

"...மரத்தடியில உக்காந்துட்டான். கால் மரத்துப்போச்சு. கண்ணு சொருகுது. மிச்சம் இருந்த நாய் எல்லாம் அவன்மேல ஏறிப் படுத்துக்கிச்சு, சூடாயிருக்கட்டும்னு. பையில இருக்கிற கடுதாசிய எல்லாம் எடுத்து ஒவ்வொண்ணாத் தடவிப் பாக்கறான். இது எந்த ஆத்தாவுக்குப் போகணுமோ, இது எந்தப் பொண்டாட்டிக்குப் போகணுமோன்னு..."

சிமாசிகுவுக்குக் கை பரபரத்தது. அப்படியெல்லாம் அதில் இல்லை. நாய் ஏறிப் படுக்கவும் இல்லை, கடிதத்தைத் தடவவும் இல்லை. அவன் உட்கார்ந்தான், பனி விழுந்தது, வெயில் காலத்தில் தேடி வந்தவர்கள் அவன் உடம்பை அங்கேயே கண்டெடுத்தார்கள். அவ்வளவுதான். அந்தக் கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் மனம் கனத்துத்தான் மூடியிருக்கிறார். உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தார்.

"அப்ப பாத்து," என்றாள் முவாங்காலா, "ரொம்ப தூரத்துல, பனிக்கு அந்தப் பக்கம், முரசுச் சத்தம் கேட்டுச்சு."

எடுத்து வைத்த காலை அவர் அப்படியே நிறுத்தினார். அந்த வீட்டு நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. முவாங்காலா கதையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அட, வா தம்பி! புத்தகத்துக்குத்தானே இவ்வளவு தூரம் வந்த? நனையாமக் கூரையில சொருகி வெச்சிருக்கேன், எடுத்துக்கோ."

சிமாசிகு துடுப்பை வேலியில் சாய்த்தார். உட்கார்ந்திருந்தவர்களை நகரச் சொல்லிப் பாயின் ஓரத்தில் இடம் பிடித்தார்.

"அது கெடக்கட்டும் அக்கா. முரசு கேட்டுச்சுன்னு சொன்னியே. எந்திரிச்சானா, இல்லையா?"